இரண்டாவது கயிறு

கோவாவின் மாண்டவி ஆற்றில் நிற்கும் சிறு பாய்மரப் படகுகளின் உச்சிக்கு ஏறுவது சாகசம் அல்ல, அன்றாட வேலை. அதில் உயிரைக் காப்பது துணிச்சலை விட ஒழுங்கு.

பனாஜியில் மாலை நேரத்தில் ஆற்றங்கரைச் சாலையில் நடப்பவர்களின் கண்ணில் முதலில் படுவது மாண்டவி ஆற்றில் நங்கூரமிட்டு நிற்கும் சூதாட்டக் கப்பல்கள்தான். வண்ண விளக்குகள், இசை, கரையிலிருந்து ஆட்களை ஏற்றிச் செல்லும் சிறு படகுகள் என்று ஆறு முழுக்கத் திருவிழாக் களை. இந்த வெளிச்சத்தைத் தாண்டி எதிர்க்கரையை உற்றுப் பார்த்தால், வேரேம் பக்கத்தில் மெல்லிய கம்பங்கள் சில நிற்பது தெரியும். விளக்குக் கம்பங்கள் என்று நினைத்துப் பார்வையை நகர்த்திவிடுகிறவர்கள்தான் அதிகம். அவை லேசாக அசைகின்றன என்பதைக் கவனித்தால்தான் விஷயம் புரியும். அவை பாய்மரங்கள்.

ஒவ்வொரு பாய்மரத்தின் உச்சியிலும் ஒரு சிறு விளக்கு இருக்கிறது. இரவில் மற்ற படகுகள் வந்து மோதாமல் இருக்க அதுதான் அடையாளம். காற்றின் திசையைக் காட்டும் கருவியும், வானொலி ஆன்டெனாவும், பாயை மேலே இழுக்கும் கயிறு ஓடும் கப்பியும் அங்கேதான் இருக்கின்றன. அந்த பல்பு ஒரு நாள் அணைந்துவிடும். கப்பி ஒரு நாள் சிக்கிக்கொள்ளும். அப்போது ஒருவர் ஏறித்தான் ஆக வேண்டும். 10 மீட்டர் நீளமுள்ள ஒரு சிறு படகின் பாய்மரம் கூடத் தளத்திலிருந்து 12 மீட்டருக்குக் குறையாது. நான்கு மாடி உயரம். பிடித்துக்கொள்ள மொட்டை மாடிச் சுவர் கிடையாது. வழவழப்பான அலுமினியக் குழாய் மட்டும்தான்.

இந்த வேலையைப் பற்றித் தெரிந்துகொள்ள மாண்டவியை விடப் பொருத்தமான இடம் இந்தியாவில் இல்லை என்றே சொல்லலாம். பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வந்த இந்தியர்களின் கதை பெரும்பாலும் இந்த ஆற்றில்தான் தொடங்குகிறது.

தீவில் பிறந்த படகுகள்

பழைய கோவாவின் பெரிய தேவாலயங்களைப் பார்த்துவிட்டு ஆற்றை நோக்கி இறங்கினால் ஒரு படகுத்துறை வரும். அங்கிருந்து சில நிமிடங்களில் பெர்ரி உங்களைத் திவார் தீவில் இறக்கிவிடும். வயல்கள், குன்றின் மேல் ஒரு தேவாலயம், போர்த்துக்கீசிய பாணி வீடுகள், அவசரமே இல்லாத சாலைகள். அந்தத் தீவில் ரத்னாகர் தாண்டேகர் நடத்திய படகுக் கூடத்தில்தான் கடற்படைக்காக 'மாதேயி' என்ற 56 அடிப் பாய்மரப் படகு உருவானது. வடிவமைப்பு நெதர்லாந்தைச் சேர்ந்தது; பெயர் மாண்டவி ஆற்றின் இன்னொரு பெயர்.

2009இல் கடற்படையில் சேர்க்கப்பட்ட மாதேயியை ஓட்டிக்கொண்டு அதே ஆண்டு ஆகஸ்ட்டில் மும்பையிலிருந்து கிளம்பிய திலீப் தோண்டே, நான்கு துறைமுகங்களில் மட்டும் நின்று, 2010 மே மாதம் திரும்பினார். பாய்மரப் படகில் தனி ஆளாக உலகைச் சுற்றிய முதல் இந்தியர் அவர். 2012 நவம்பரில் அதே படகில் புறப்பட்ட அபிலாஷ் டோமி எங்கும் நிற்காமல் சுற்றி 2013 மார்ச் இறுதியில் மும்பை வந்து சேர்ந்தார்.

அடுத்து வந்தது 'தாரிணி'. இதுவும் திவாரில் கட்டப்பட்டதுதான். 2017 செப்டம்பர் 10ஆம் தேதி ஆறு பெண் கடற்படை அதிகாரிகளுடன் ஐ.என்.எஸ். மாண்டவி தளத்திலிருந்து கிளம்பியது. கொடியசைத்து அனுப்பியவர் அப்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்த, மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன். 254 நாட்களுக்குப் பிறகு 2018 மே 21 அன்று படகு கோவாவுக்குத் திரும்பியது. 2024 அக்டோபர் 2ஆம் தேதி தாரிணி மீண்டும் புறப்பட்டபோது அதில் இருந்தவர்கள் இரண்டே பேர்: கோழிக்கோட்டின் தில்னா, புதுச்சேரியின் ரூபா அழகிரிசாமி. எட்டு மாதம் கழித்து 2025 மே 29 அன்று கோவாவில் அவர்களுக்கு வரவேற்பு நடந்தது.

தாரிணியின் பாய்மரம் சுமார் 25 மீட்டர். எட்டு மாடிக் கட்டடத்தின் உயரம். இரண்டே பேர் உள்ள படகில் ஒருவர் அதன் உச்சிக்குப் போனால் கீழே நிற்பது மற்றவர் ஒருவர்தான். கயிற்றைப் பிடித்திருப்பவரும் அவரே, படகின் போக்கைக் கவனிப்பவரும் அவரே.

மேலே என்னதான் இருக்கிறது?

பாய்மரம் தானாக நிற்பதில்லை. முன்னும் பின்னும் இரு பக்கமும் இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பிகள்தான் அதை நிமிர்த்தி வைத்திருக்கின்றன. சிறு படகுகளில் வழக்கமாக இருப்பது 19 இழைகளை முறுக்கிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பி. பெயர்தான் துருப்பிடிக்காத எஃகு. உப்புக் காற்றும் வெயிலும் சேர்ந்த நம் கடற்கரையில், கம்பி பொருத்துக்குள் நுழையும் இடத்தில் உப்பு தங்கி உள்ளிருந்து அரிக்கும். 19 இழைகளில் ஒன்று அறுந்தாலே அந்தக் கம்பியை மாற்றிவிட வேண்டும் என்பது விதி. ஒரு கம்பி போனால் பாய்மரமே சாய்ந்துவிடக் கூடும்.

இந்த அறுந்த இழை தளத்தில் நின்று பார்த்தால் தெரியாது. பொருத்துகளில் உள்ள விரிசலும், விழுந்துபோன சிறு ஊசியும் தெரியாது. இன்னொரு தொல்லை உண்டு: பாயை ஏற்றும் கயிற்றின் முனை கை நழுவினால் அது சர்ரென்று உச்சிக்கு ஏறிக்கொள்ளும். பிறகு அதை இறக்க ஆள் போக வேண்டும்.

எனவே மழைக்காலம் முடிந்ததும் மாண்டவியில் இந்த வேலை தொடங்கிவிடுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் ஆற்றின் முகத்துவாரத்தில் அகுவாதா மணல்திட்டின் மேல் அலைகள் உடைந்து எழும். சிறு படகுகள் கரையேறியோ ஆற்றுக்குள் கட்டப்பட்டோ கிடக்கும். அக்டோபரில் கடல் திறக்கும் முன் ஒவ்வொரு பாய்மரமும் அடி முதல் நுனி வரை பரிசோதிக்கப்பட வேண்டும்.

பனையேறிக்குத் தெரிந்தது

ஏறுவது என்றதும் தமிழர்களுக்கு நினைவுக்கு வருவது பனை. கோவாக்காரர்களுக்குத் தென்னை, இங்கே கள் இறக்குகிறவர்கள் தென்னந்தண்டில் படி வெட்டி ஏறுவார்கள். நம் பனையேறி காலில் தளைநார் மாட்டி, மரத்தை அணைத்து, இடுப்பில் கட்டிய பெட்டியில் அரிவாளை வைத்துக்கொண்டு ஏறுகிறார். மரத்துக்குச் சொரசொரப்பு உண்டு, வேர் உண்டு. பாய்மரத்துக்கு இரண்டும் இல்லை. நீங்கள் ஏறும்போது அது உங்களையும் சேர்த்து ஆட்டும். ஆனாலும் பனையேறியிடம் கற்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அவருடைய கருவி ஒவ்வொன்றும் உடம்போடு கட்டப்பட்டிருக்கிறது. இரண்டு கையும் மரத்துக்கே. பாய்மரம் ஏறுவதற்கும் இதுதான் முதல் பாடம்.

தூத்துக்குடித் தோணிகள் பாய் விரித்துக் கொழும்புக்குப் போய்வந்த காலத்தில் கப்பியும் பருமலும் நம் கடற்கரைத் தமிழில் அன்றாடச் சொற்கள். தோணிகளுக்கு எஞ்சின் வந்த பிறகு அந்தச் சொற்களைச் சொல்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். வேலை மட்டும் வேறு வடிவத்தில், வேறு கரையில் தொடர்கிறது.

காலை ஏழு மணி

ஏறுவதற்கு நல்ல நேரம் அதிகாலை. பத்து மணிக்கு மேல் அலுமினியம் தொட முடியாதபடி சுடும். கடல்காற்றும் பிற்பகலில்தான் வலுக்கும். ஆறும் காலையில் அமைதியாக இருக்கும். பிறகு பெர்ரிகளும் பார்ஜுகளும் சுற்றுலாப் படகுகளும் ஓட ஆரம்பித்துவிட்டால், ஒவ்வொன்றும் கிளப்பும் அலை கீழே நிற்பவருக்கு ஒரு குலுக்கல், மேலே இருப்பவருக்கு ஓர் ஊஞ்சல். பருவமழை விடைபெறும் அக்டோபர் மாலைகளில் இடி இடிக்கும். நீர்ப்பரப்பில் மிக உயரமான உலோகக் கம்பத்தில் உட்கார்ந்திருக்க அது நேரமல்ல.

ஏறுபவர் உட்காருவது 'போசன் நாற்காலி' என்ற இருக்கையில். பழைய நாளில் அது வெறும் பலகை. நான்கு மூலையிலும் கயிறு. இப்போது கெட்டித் துணியில், பக்கவாட்டில் கருவிப் பைகளோடு கிடைக்கிறது. வசதியானதுதான், ஆனால் மயங்கிச் சாய்ந்தால் அதிலிருந்து வழுக்கி விழ வாய்ப்புண்டு. மலையேறுபவர்கள் அணியும் ஹார்னஸ் என்ற வார்ப்பட்டை இடுப்பையும் தொடையையும் இறுக்கிப் பிடிக்கும், தலைகீழானாலும் விடாது. ஆனால் அரை மணி நேரம் அதில் அசையாமல் தொங்கினால் கால் மரத்து, ரத்த ஓட்டம் தடைப்படும். விவரம் தெரிந்தவர்கள் ஹார்னஸை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்காருகிறார்கள். ஒன்று வேலைக்கு, மற்றது உயிருக்கு.

கயிறும் அப்படியே. பாயை ஏற்றும் கயிறு ஒன்று நாற்காலியைத் தூக்குகிறது. இன்னொரு பாய்க்கயிறு ஹார்னஸில் தனியாகக் கட்டப்படுகிறது. இந்த இரண்டாவது கயிறு எதையும் தூக்குவதில்லை. ஆள் ஏற ஏறத் தொய்வை மட்டும் இழுத்துக்கொண்டே வர வேண்டும். முதல் கயிறு போனால் அது பிடிக்கும். இரண்டும் வேறு வேறு கப்பிகளில் ஓட வேண்டும், கீழே வேறு வேறு இடத்தில் கட்டப்பட வேண்டும். ஒரே கப்பியை, ஒரே கொக்கியை நம்பிய இரண்டு கயிறுகள் ஒரு கயிற்றுக்குச் சமம்.

கயிறு அறுந்துவிடுமா என்பதுதான் புதியவர்கள் கேட்கும் முதல் கேள்வி. 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள நல்ல பாலியெஸ்டர் கயிறு புதிதாக இருக்கையில் இரண்டு டன் எடையாவது தாங்கும். வெயிலில் வருஷக்கணக்கில் கிடந்து நைந்துபோனால் ஒழிய அது அறுவது அபூர்வம். விட்டுவிடுவது மற்றவைதான்: கொக்கி, கப்பி, முடிச்சு, கை. பாயை மாட்டும் கொக்கிகளில் ஒரு வகை, சிறு முளையை இழுத்தால் சட்டென்று திறந்துகொள்ளும். பாய்க்கு அது வசதி; மனிதனுக்கு எமன். கம்பியில் உரசி அந்த முளை இழுபட்டால் கதை முடிந்தது. எனவே கொக்கியை ஒதுக்கிவிட்டுக் கயிற்றையே நாற்காலி வளையத்தில் முடிச்சுப் போட வேண்டும். போலைன் என்ற முடிச்சு இதற்கென்றே ஏற்பட்டது. இறுகினாலும் வழுகாது, வேலை முடிந்ததும் எளிதில் அவிழும். முனையை நீளமாக விட்டு இன்னொரு முடிச்சும் போட்டுக்கொள்வது நல்லது.

கப்பியின் கணக்கு பலருக்குத் தெரியாது. 70 கிலோ எடையுள்ள ஒருவரைக் கப்பி வழியாகக் கீழிருந்து தூக்கும்போது உச்சியில் உள்ள கப்பி தாங்குவது 70 கிலோ அல்ல, 140. ஏறுபவரின் எடை ஒரு பக்கம், அதற்கு ஈடாகக் கீழே இழுக்கும் விசை மறுபக்கம். பாய்மரத்துக்கு உள்ளேயே பொருத்திய கப்பியானால் கவலையில்லை. வெளியே ஒற்றை வளையத்தில் தொங்கும் கப்பியானால் அந்த வளையத்தின் வலுதான் உங்கள் வலு.

முடிச்சுகளைப் போட்டதும் யாரும் நேரே மேலே போவதில்லை. தளத்திலிருந்து ஓரடி மட்டும் தூக்கச் சொல்லி, இருக்கையில் குதித்துப் பார்க்கிறார்கள். முதலில் முதல் கயிற்றில், பிறகு இரண்டாவது கயிற்றில். விழுவதானால் ஓரடியிலிருந்து விழட்டும் என்ற ஏற்பாடு. 12 மீட்டரிலிருந்து விழுந்தால் தளத்தைத் தொட ஒன்றரை வினாடிக்குச் சற்று மேலாகும். தொடும்போது வேகம் மணிக்கு 55 கிலோமீட்டர்.

கீழே நிற்பவர்

வேடிக்கை பார்க்கிறவர்கள் கழுத்து வலிக்க மேலேயே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பார்க்க வேண்டியது கீழே, வின்ச் அருகே நிற்பவரை. உருளை போன்ற அந்தக் கருவியில் கயிற்றைக் கடிகாரம் சுற்றும் திசையில் மூன்று நான்கு சுற்றுச் சுற்றி, கைப்பிடியைத் திருப்பி இழுக்கிறார். மேலே போகிறவர் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. கம்பியையும் பாய்மரத்தையும் பிடித்துத் தன்னைத் தானே உயர்த்திக்கொள்கிறார். கிடைத்த தொய்வைக் கீழே உள்ளவர் உடனே சுருட்டிக்கொள்கிறார். ஆட்கள் இருந்தால் இரண்டாவது கயிற்றுக்குத் தனி ஆள் உண்டு.

சில படகுகளில் மின்சார வின்ச் உண்டு. பொத்தானை அழுத்தினால் போதும், ஆள் தானாக மேலே போவார். ஆனால் அந்த மோட்டாருக்கு எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரியாது. பொத்தான் சிக்கிக்கொண்டால் அது ஏறுபவரை உச்சிக் கப்பிக்குள்ளேயே இழுத்துவிடும். கீழே உள்ளவரின் விரலையும் கயிற்றுச் சுற்றுக்குள் இழுத்துவிடும். ஆளை ஏற்றுவதற்குக் கை போதும்.

வேலை செய்யும் உயரம் வந்ததும் இரண்டு கயிறுகளையும் கட்டுக்கட்டைகளில் கட்டிவிட வேண்டும். மேலே இருப்பவர் பாய்மரத்தைச் சுற்றி ஒரு சிறு பட்டையை மாட்டிக்கொள்கிறார், ஆட்டத்தில் விலகிப் போகாமல் இருக்க. வழியில் குறுக்குச் சட்டங்களைத் தாண்டும்போது அந்தப் பட்டையைக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும் என்பதால் இரண்டு பட்டைகள் தேவை. புதியது மாட்டிய பிறகே பழையதைக் கழற்றலாம்.

கீழே நிற்பவருக்கு இன்னொரு விதி: நேர் கீழே நிற்கக் கூடாது. 12 மீட்டரிலிருந்து விழும் ஒரு ஸ்பேனர் மண்டையைப் பிளந்துவிடும். ஒவ்வொரு கருவியும் சிறு கயிற்றால் கட்டப்பட்டிருக்க வேண்டும். மறந்துபோன திருப்புளியைத் தூக்கிப் போடச் சொல்லாமல், ஒரு துணைக் கயிற்றில் வாளி கட்டி இழுத்துக்கொள்ள வேண்டும். இருவர் தலையிலும் ஹெல்மெட் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் கைபேசி அழைப்பு வந்தால் வரட்டும்.

பேச்சிலும் ஓர் ஒழுங்கு உண்டு. சூதாட்டக் கப்பலின் இசையும் பெர்ரியின் எஞ்சினும் போடும் சத்தத்தில் 12 மீட்டர் மேலிருந்து சொல்வது பாதிதான் கேட்கும். 'விடாதே' என்பதில் கடைசி எழுத்துகள் காற்றில் போய் 'விடு' என்று காதில் விழுந்தால் என்ன ஆகும்? எனவே ஏற்று, நிறுத்து, கட்டு, இறக்கு என்று ஒன்றோடொன்று குழம்பாத நான்கைந்து சொற்களை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்கிறார்கள். கேட்டவர் அதைத் திருப்பிச் சொன்ன பிறகே செய்கிறார்.

ஆபத்து அதிகம் இறங்கும்போதுதான். வேலை முடிந்த நிம்மதி, வெயில் ஏறிய களைப்பு, பசி. கீழே உள்ளவர் சீக்கிரம் இறக்கலாம் என்று வின்ச்சிலிருந்து ஒரு சுற்றைக் கூடுதலாகக் கழற்றினால், பிடிப்புத் தளர்ந்து கயிறு கையை எரித்துக்கொண்டு ஓடும். கை தானாக விட்டுவிடும். அதனால் சுற்றுகளின் மேல் ஓர் உள்ளங்கையை அழுத்தி வைத்து, மறு கையால் சாண் சாணாகக் கயிற்றை விட வேண்டும். இரண்டாவது கயிறும் அதே வேகத்தில், தளர்ந்து தொங்காமல், இறங்க வேண்டும். பாதம் தளத்தைத் தொட்ட பிறகும், ஏறியவர் தானே முடிச்சை அவிழ்க்கும் வரை கீழே இருப்பவரின் வேலை முடிவதில்லை.

கடலில், தனியாக

இவ்வளவும் ஆற்றில். நடுக்கடலில் தனியாக இருப்பவருக்குக் கீழே ஆள் கிடையாது. அவர் தன்னைத் தானே தூக்கிக்கொள்ள வேண்டும். நான்கு பாகமாக ஓடும் கப்பித் தொகுதியை உச்சிக்கு ஏற்றி, அதில் தன் எடையில் நாலில் ஒரு பங்கும் உராய்வுக்குக் கொஞ்சமும் இழுத்தால் போதும். ஆனால் உயரத்தைப் போல் ஐந்து மடங்கு கயிறு வேண்டும். அது காற்றில் பறந்து சிக்கும். இன்னொரு வழி மலையேறுபவர்களின் பிடிகருவி. இறுக்கிக் கட்டிய கயிற்றில் மேலே மட்டும் நழுவும், கீழே நழுவாது. ஒன்று இடுப்போடு, ஒன்று பாத வளையங்களோடு. காலை மடக்கி, கருவியை உயர்த்தி, எழுந்து நின்று, மறுபடி உட்கார்ந்து, மறுபடி எழுந்து. பனையேறியின் தளைநார் இங்கே வேறு உருவில் வந்துவிடுகிறது. இதிலும் கீழிறங்க ஒரு வழி இருக்கிறதா என்று தளத்தில் வைத்தே செய்து பார்க்காமல் ஏறினால், மேலே மாட்டிக்கொண்டு தவிக்க வேண்டியதுதான்.

கடலின் ஆட்டத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. படகு இரு பக்கமும் 10 டிகிரி சாய்ந்தாடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தளத்தில் இருப்பவர் தேநீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டால் போதும். 12 மீட்டர் உயரத்தில் இருப்பவர் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நான்கு மீட்டர் வீசப்படுகிறார். சாய்வு 20 டிகிரியானால் எட்டு மீட்டர். சில வினாடிக்கொரு முறை இது நடக்கும். அந்த வீச்சில் பாய்மரத்திலிருந்து பிடி விலகினால், அடுத்த வீச்சில் அதே பாய்மரம் வந்து விலா எலும்பில் அடிக்கும்.

அந்த உயரத்தில் மனித உடம்பு எவ்வளவு அற்பமானது என்பதற்கு 2018 செப்டம்பரில் நடந்தது சாட்சி. கோல்டன் குளோப் போட்டிக்காக அபிலாஷ் டோமி எடுத்துச் சென்ற 'துரியா' 32 அடிப் படகு. அதுவும் திவாரில் கட்டப்பட்டதே. 1968-69இல் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் தனியாக, நிற்காமல் உலகைச் சுற்றிய 'சுஹைலி'யின் மறுபதிப்பு. அந்த சுஹைலி பிறந்ததும் பம்பாயில்தான். செப்டம்பர் 21 அன்று தெற்கு இந்தியப் பெருங்கடலில், ஆஸ்திரேலியாவிலிருந்து மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, புயலில் துரியா புரண்டது. படகு நிமிர்ந்தபோது டோமி பாய்மரத்தின் மேலே தொங்கிக்கொண்டிருந்தார். அவர் ஏறவில்லை, கடலே ஏற்றிவிட்டது. அவரைப் பிடித்திருந்தது மாட்டிக்கொண்ட கைக்கடிகாரப் பட்டை. அது அறுந்து, பாயின் அடியில் கிடக்கும் கட்டையான பூமின் மேல் விழுந்து, அங்கிருந்து தளத்தில் விழுந்தார். முதுகெலும்பு முறிந்தது. பாய்மரங்களும் ஒடிந்தன. நடக்க முடியாமல் படகுக்குள் கிடந்தவரை மூன்று நாள் கழித்து 'ஒசிரிஸ்' என்ற பிரெஞ்சுக் கப்பல் மீட்டது.

முதுகில் டைட்டானியத் தண்டுகளோடு அவர் எழுந்து நடந்ததும், 2022 செப்டம்பரில் அதே போட்டிக்கு மீண்டும் கிளம்பி 2023 ஏப்ரல் 29 அன்று இரண்டாவதாக வந்து சேர்ந்ததும் தெரிந்த செய்திகள். புயலில் நடந்ததை எந்த முன்னேற்பாடும் தடுத்திருக்காது. ஆனால் ஆற்றிலும் துறைமுகத்திலும் பாய்மரத்திலிருந்து விழுகிறவர்களைப் புயல் தள்ளுவதில்லை. அவிழ்ந்த முடிச்சும், திறந்துகொண்ட கொக்கியும், 'ஐந்து நிமிஷ வேலைதானே' என்ற பேச்சும்தான் தள்ளுகின்றன.

இதைச் சொல்ல இன்று அவசியம் இருக்கிறது. பாய்மரப் படகு ஓட்டுவது இந்தியாவில் கடற்படைக்கும் சில பழைய கிளப்புகளுக்கும் மட்டுமே உரியதாக இருந்த நிலை மாறிவிட்டது. கோவாவிலும் மும்பையிலும் கொச்சியிலும் சொந்தப் படகு வைத்திருப்பவர்கள், வாடகைக்கு விடுபவர்கள், வார இறுதியில் கற்றுக்கொள்ள வருபவர்கள் இருக்கிறார்கள். படகை ஓட்டக் கற்றுத்தருகிறவர்கள் பலர். பாய்மரம் ஏறக் கற்றுத்தருகிறவர்கள் சிலர். பல்பு அணைந்தால், துறையில் நிற்கும் துடிப்பான ஓர் இளைஞனைக் கூப்பிட்டு, ஒற்றைக் கயிற்றில் உட்கார வைத்து மேலே அனுப்பிவிட எவருக்கும் தோன்றும். தென்னை ஏறத் தெரிந்தவனுக்கு இது என்ன பிரமாதம் என்றும் தோன்றும். இரண்டாவது கயிற்றைக் கட்ட ஆவது பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தைத் தராத படகில் ஏற மறுக்க அந்த இளைஞனுக்கு உரிமை உண்டு என்பதை யாராவது அவனுக்குச் சொல்ல வேண்டும்.

கோவா போகிறவர்கள் ஒரு காலைப் பொழுதை இதற்கு ஒதுக்கலாம். பனாஜி படகுத்துறையிலிருந்து பேத்திமுக்குப் பெர்ரி இருக்கிறது. அக்கரையில் இறங்கி ரெய்ஸ் மாகோஸ் கோட்டைப் பக்கம் ஆற்றோரமாகப் போனால், கோட்டை மதிலிலிருந்து ஆறும் முகத்துவாரமும் ஒரே பார்வையில் விரியும். மழை ஓய்ந்த அக்டோபர், நவம்பர் மாதங்கள் நல்லவை. அதிர்ஷ்டம் இருந்தால் ஏதோ ஒரு பாய்மரத்தின் பாதி உயரத்தில் ஒரு மனித உருவம் தெரியும். அவரிடமிருந்து எத்தனை கயிறுகள் மேலே போகின்றன என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு இருந்தால், அந்தப் படகில் கடலுக்குப் போகலாம்.